ஐந்து டன் எடை, அரை பிக்சல் வழுக்கல்: நிஜக் காட்சிக்குள் கணினி ரோபோவை நிறுத்துவது எப்படி

கணினியில் செய்த ரோபோ திரையில் பொய்யாகத் தெரிந்தால், பார்க்கிறவர் "கிராபிக்ஸ் மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்வார். எது உறுத்தியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஷாட்டை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்தால் குற்றம் மாடலில் இருப்பது அபூர்வம். பாதம் ஊன்றிய இடத்தில் அரை பிக்சல் வழுக்கியிருக்கும். வெயில் இடப்பக்கம் அடிக்க, மார்புத் தகடு வலப்பக்கம் மின்னும். ஐந்து டன் எடை என்று கதையில் சொல்லப்பட்ட உருவம் பூனை போல அடியெடுத்து வைக்கும். இவற்றில் முதல் இரண்டும் படப்பிடிப்பு நாளிலேயே முடிவாகிவிடுபவை. அன்று அளக்காமல் விட்டதை ஆறு மாதம் கழித்து ஊகித்துக்கொண்டிருப்பதில்தான் இந்த வேலையில் பணமும் தூக்கமும் அதிகம் கரைகின்றன.

அதனால் தளத்திலிருந்தே தொடங்கலாம்.

படப்பிடிப்புத் தளத்தில்

ஒவ்வொரு கேமரா நிலைக்கும் ஒரு தாள். அதில் லென்ஸின் குவியத்தூரம், லென்ஸின் வரிசை எண், தரையிலிருந்து லென்ஸ் மையத்தின் உயரம், சாய்வுக் கோணம், ஃபோகஸ் தூரம், அப்பெர்ச்சர், ஷட்டர் கோணம், விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை, மாட்டியிருந்த ஃபில்டர் எல்லாம் இருக்க வேண்டும். வரிசை எண் எதற்கு என்று பலர் கேட்பார்கள். 35 மி.மீ. என்று பொறித்த இரண்டு லென்ஸ்கள் ஓரங்களை ஒரே அளவில் வளைப்பதில்லை. எந்த லென்ஸ் என்று தெரிந்தால்தான் அதே லென்ஸில் கட்டம் போட்ட பலகையைப் படமெடுத்து வளைவை அளக்க முடியும். ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் டிரைபாட் 5 செ.மீ. இறங்கியிருந்தாலும் எழுதிவையுங்கள்.

இடத்தின் வடிவத்துக்கு லைடார் ஸ்கேன் (லேசரால் அளந்த முப்பரிமாண வடிவம்) இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டாலும் தரையில் இரண்டு குறிகளுக்கு இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து வைத்தால் அளவுகோல் கிடைத்துவிடும். கேமராவின் அசைவை மென்பொருள் கண்டுபிடிக்க உதவும் டிராக்கிங் குறிகள் பத்துப் பன்னிரண்டு போதும். ஆனால் அவை வெவ்வேறு ஆழத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பின்சுவரில் ஒட்டினால் கேமரா நகர்ந்ததா, திரும்பியதா என்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது. நடிகரின் தலைமுடிக்குப் பின்னால் குறி வைக்காதீர்கள். அதை அழிக்கும் ஆள் ஒவ்வொரு மயிரிழையாக உட்கார்ந்து வெட்ட வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தைப் பதிவு செய்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நிஜ இடத்தின் ஒளியை முழுக் கோளமாகப் படம்பிடித்து அதைக்கொண்டே கணினிப் பொருளுக்கு ஒளியூட்டலாம் என்று பால் டெபெவெக் 1998-இல் செய்து காட்டினார். இன்றும் அதே அடிப்படைதான். 8 மி.மீ. மீன்கண் லென்ஸ், 120 பாகை இடைவெளியில் 3 திசைகள், ஒவ்வொரு திசையிலும் 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) 7 எக்ஸ்போஷர். இதைச் சேர்த்துத் தைத்தால் ஹெச்டிஆர்ஐ, அதாவது மிக இருண்டதிலிருந்து மிகப் பிரகாசமானது வரை ஒளியின் அளவைத் தாங்கிய படம், கிடைக்கும். எடுக்கும் இடம் ரோபோவின் மார்பு வரப்போகும் இடமாக இருக்கட்டும். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் அது கேமரா பார்த்த வெளிச்சமாகிவிடும். டேக் முடிந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், மேகம் காத்திருக்காது. கூடவே நடுச்சாம்பல் பந்து, கண்ணாடிப் பந்து, 24 வண்ணக் கட்ட அட்டை மூன்றையும் அதே இடத்தில் படக் கேமராவிலேயே சில விநாடி பிடித்துவிடுங்கள். ஹெச்டிஆர்ஐ சரியாகத் தைக்கப்பட்டதா என்று பிறகு சோதிக்க அந்தச் சாம்பல் பந்துதான் சாட்சி.

வாய்ப்பிருந்தால் ரோபோவின் ஒரு பாகத்தையாவது நிஜ அளவில் செய்துவையுங்கள். முழு உருவம் வேண்டாம், ஒரு தலை அல்லது ஒரு முன்கை போதும். அதே பெயின்ட், அதே கீறல்கள். ஒவ்வொரு கேமரா நிலையிலும் டேக் முடிந்ததும் அதை ரோபோ நிற்கும் இடத்தில் பிடித்து ஒரு முறை சுழற்றிப் படமெடுத்தால், உலோகம் அந்த வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குக் கண்ணால் காணும் விடை கையில் இருக்கும். ஒளியமைப்பாளரும் இயக்குநரும் வாரக்கணக்கில் வாதிடுவதை அந்த ஐந்து விநாடிப் படம் தீர்த்துவைக்கும். நடிகர் தொட வேண்டிய காட்சிக்கும் அதே கைதான் உதவும். பச்சை ஸ்பாஞ்சைப் பிடிக்கக் கொடுத்தால் நடிகரின் உள்ளங்கையிலும் முகவாயிலும் பச்சை வெளிச்சம் ஏறிவிடும். ரோபோவின் நிறத்திலேயே பூசிக் கொடுத்தால் அந்தப் பிரதிபலிப்பே நமக்குச் சாதகம்.

நடிகரின் பார்வை தனிச் சங்கதி. ரோபோவின் கண் உயரத்தில் ஒரு பந்தைக் கழியில் கட்டி நிறுத்தினால் எல்லோரும் ஒரே புள்ளியைப் பார்ப்பார்கள். "மேலே பாருங்க" என்று மட்டும் சொன்னால் ஒருவர் 4 மீட்டரையும் இன்னொருவர் 6 மீட்டரையும் பார்ப்பார். அதைப் பிறகு எதனாலும் சரிசெய்ய முடியாது. நடமாடும் ரோபோ என்றால் கழியுடன் ஒருவர் நிஜ வேகத்தில் நடந்து காட்டட்டும். கேமரா ஆபரேட்டரும் அதைத் துரத்தி இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்க்கட்டும். பிறகு கழி இல்லாமல், யாராவது உரக்க எண்ணிக்கொண்டிருக்க, டேக் எடுக்கலாம். ஆபரேட்டருக்கு உருவம் பழகியிருக்காவிட்டால் ரோபோவின் தலை வெட்டுப்படும், அல்லது ரோபோ வருவதற்கு முன்பே கேமரா அந்த இடத்துக்குப் போய்க் காத்திருக்கும். நிஜ ஆபரேட்டர் நகரும் பொருளுக்குச் சில ஃப்ரேம் பின்தங்கித்தான் போவார். அந்தச் சின்னத் தாமதம் பிளேட்டில் (ரோபோ சேர்க்கப்படாத நிஜப் படப்பிடிப்புக் காட்சியில்) இருந்தால் ஷாட் பாதி உண்மையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, யாரும் இல்லாத வெற்றுக் காட்சி ஒன்று, அதே கேமரா அசைவில். ரோபோவுக்குப் பின்னால் இருந்து எதையாவது அழிக்க வேண்டி வந்தால் இது ஒன்றுதான் கைகொடுக்கும்.

பாகங்களும் மூட்டுகளும்

2007-இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தின் ஆப்டிமஸ் பிரைம் 10,000-க்கும் மேற்பட்ட பாகங்களால் ஆனது. அதைக் கேட்டுவிட்டு பாகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே குறியாக இருப்பவர்கள் உண்டு. எண்ணிக்கையைவிட அளவுதான் கண்ணுக்கு முதலில் எட்டும். எம்8 போல்ட்டின் தலை 13 மி.மீ. அகலம், எம்20 என்றால் 30 மி.மீ. 7 மீட்டர் உருவத்தில் அந்த அளவுள்ள போல்ட், மனிதக் கைக்கு ஏற்ற ஏணிப்படி, படிக்கும் அளவில் எச்சரிக்கை எழுத்து இருந்தால் பார்வையாளர் உயரத்தைத் தானாக உணர்வார். உருவத்தோடு சேர்த்துப் போல்ட்டையும் பெரிதாக்கினால் அது பக்கத்தில் வைத்த பொம்மை.

விளிம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜ உலகில் கத்தி முனை போன்ற விளிம்பு கிடையாது. மெல்லிய தகட்டுக்கு 1 மி.மீ., கனத்த வார்ப்புக்கு 3 முதல் 5 மி.மீ. பெவல் (ஓரத்தை மழுக்கிய சரிவு) கொடுத்தால் ஒளி அந்த ஓரத்தில் ஒரு கோடாகப் பிடிக்கும். ஆனால் ரோபோ தூரத்தில் போகும்போது அதே பெவல் ஒரு பிக்சலைவிடச் சிறியதாகி, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மினுக் மினுக்கென்று துடிக்கும். ஒரு பிக்சலுக்குக் கணினி எடுக்கும் மாதிரிகளை, அதாவது சாம்பிள்களை, ஏற்றிக்கொண்டே போவது இதற்கு வீண். தூர ஷாட்டுக்கு நுண்விவரம் குறைந்த இன்னொரு மாடல் வைக்க வேண்டும், அல்லது நார்மல் மேப்பில் (நுண் மேடுபள்ளத்தைச் சொல்லும் படத்தில்) கரையும் விவரத்தை ரஃப்னஸ் (சொரசொரப்பு) மதிப்பாக மாற்றித் தர வேண்டும்.

ரிக்கிங்கில், அதாவது மாடலை அசைக்க மூட்டுகளும் கட்டுப்பாடுகளும் அமைக்கும் வேலையில், ஒவ்வொரு மூட்டுக்கும் கேட்க வேண்டியது இதுதான்: இதை எது நகர்த்துகிறது? கீல் என்றால் ஒரே அச்சு. பந்துக் கிண்ண மூட்டு என்றால் மூன்று. தொழிற்சாலை ரோபோ கைகளில் பொதுவாக 6 அச்சுகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில் மட்டும் சுழலும். முழங்கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் வளைத்தால் போஸ் அழகாக வரும் என்று அனிமேட்டர் கேட்பார். கொடுக்காதீர்கள். மேற்கையில் ஒரு சுழல் வளையம் சேர்த்து, அந்த வளையம் கண்ணுக்குத் தெரியும்படி மாடலில் வையுங்கள். அதே போஸ் வரும், இயந்திரமும் இயந்திரமாக இருக்கும்.

ஹைட்ராலிக் சிலிண்டரில் தவறு மிக எளிதாக நுழையும். இரு முனைகளையும் ஒன்றையொன்று பார்க்கும்படி கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். தண்டு முழுதாக உள்ளே போக இடம் வேண்டுமே! ஒற்றைக் கட்டச் சிலிண்டரின் விரிந்த நீளம், சுருங்கிய நீளத்தின் இரு மடங்கை ஒருபோதும் எட்டாது. முழங்காலை முழுதாக மடக்கியும் நீட்டியும் இரண்டு நீளங்களை அளந்து பாருங்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் சிலிண்டர் பொருத்தும் புள்ளியை மூட்டுக்கு நெருக்கமாக நகர்த்த வேண்டும். ரப்பர் குழாய்களுக்கும் இதே விதிதான். நீளம் மாறக் கூடாது, தொய்வு மட்டும் மாறலாம். நீண்டு சுருங்கும் குழாய் நொடியில் காட்டிக்கொடுத்துவிடும்.

மனித உடலில் சதை சதைக்குள் அமுங்கினால் யாரும் கவனிப்பதில்லை. தகடு தகட்டுக்குள் புகுந்தால் தெரியும். தோள்பட்டைதான் எப்போதும் தகராறு. மார்புத் தகட்டை இரண்டாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று சரியவிடலாம், அல்லது தண்டவாளம் போன்ற வழித்தடத்தில் நகர்த்தலாம். மோதும் பாகங்கள் சிவப்பாக மாறும்படி ரிக்கிலேயே ஒரு சோதனை வைத்தால் அனிமேட்டர் வேலை செய்யும்போதே பார்த்துத் திருத்திக்கொள்வார். ரெண்டரில் (கணினி இறுதிப் படத்தைக் கணக்கிட்டுத் தரும் கட்டத்தில்) கண்டுபிடித்தால் ஒரு வாரம் போகும்.

எடை

இங்கேதான் பெரும்பாலான ரோபோக்கள் விழுகின்றன. கணக்கை ஒரு முறை போட்டுவிட்டால் வாதம் குறையும்.

1.8 மீட்டர் மனிதரின் அதே உருவ விகிதத்தில் 7.2 மீட்டர் ரோபோ. உயரம் 4 மடங்கு. பாதத்தின் பரப்பு 16 மடங்கு. கன அளவும், அதோடு எடையும் 64 மடங்கு. 80 கிலோ மனிதர் 5 டன்னுக்குச் சற்று மேலே போய்விடுகிறார். பாதம் 16 மடங்குதான் வளர்ந்தது, எடை 64 மடங்கு, ஆகவே தரை மீது அழுத்தம் 4 மடங்கு. மண்ணில் தடம் பதியாமல், ஓடு விரிசல் விடாமல் நடக்கும் ரோபோவை ஏன் கண் நம்ப மறுக்கிறது என்பது இதிலேயே இருக்கிறது.

காலம் உயரத்தின் வர்க்கமூலமாக நீளும். 4-இன் வர்க்கமூலம் 2. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் மனிதர் ஓர் அடியை 12 ஃப்ரேமில் வைத்தால் இந்த ரோபோவுக்கு 24 ஃப்ரேம். மோஷன் கேப்சரில் (மனிதரின் அசைவைத் தரவாகப் பதியும் முறையில்) பதிவான நடையை அப்படியே ஏற்றினால் பொம்மை ஆடையில் மனிதர் நடப்பது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அடி இரண்டு மடங்கு மெதுவாக விழுந்தாலும் ஒவ்வோர் அடியும் 4 மடங்கு தூரம் போகிறது. எனவே ரோபோ மனிதரைப் போல இரண்டு மடங்கு வேகமாக முன்னேறும். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் மெதுவாக்கினால் தண்ணீருக்குள் நடப்பது போல ஆகிவிடும்.

ரோபோவிலிருந்து கழன்று விழும் துண்டுக்கும் புழுதிக்கும் இந்த மெதுவாக்கல் கிடையாது. புவியீர்ப்பு ஒன்றேதான். 1 மீட்டரிலிருந்து விழும் பொருள் 11 ஃப்ரேமில் தரையைத் தொடும், 4 மீட்டரிலிருந்து 22 ஃப்ரேமில், 9 மீட்டரிலிருந்து 32 அல்லது 33 ஃப்ரேமில். காற்றில் குதிக்கும் ரோபோவும் இதே அட்டவணைக்குக் கட்டுப்பட்டதுதான். உச்சியில் அது நீண்ட நேரம் மிதந்தால் அழகாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், எடை அங்கேயே கரைந்துபோகும்.

நடையில் கவனிக்க வேண்டியது, ஒரு காலைத் தூக்குவதற்கு முன் இடுப்பு மறு காலின் மேல் நகர வேண்டும் என்பது. பாதத்துக்கு வெளியே எடைமையம் இருக்க நிற்கும் உருவத்தை மூளை உடனே பொய் என்று ஒதுக்கிவிடும். பாதம் தரையைத் தொட்ட பிறகு உடல் இன்னும் சில ஃப்ரேம் கீழே இறங்கி நிற்கட்டும். தளர்வாகப் பொருத்திய தகடு, ஆன்டெனா, சங்கிலி ஆகியவை அதற்கும் இரண்டு மூன்று ஃப்ரேம் கழித்து அதிர்ந்து அடங்கட்டும். மோட்டார் மூட்டு சீராக வேகமெடுத்து, சீரான வேகத்தில் ஓடி, சீராகக் குறையும். ஹைட்ராலிக் மூட்டு மந்தமாகப் புறப்பட்டு முடிவில் சற்று முட்டி நிற்கும். இரண்டுக்கும் ஒரே வளைகோட்டைப் போட்டால் எல்லா மூட்டும் தசை போலத் தெரியும்.

மனித உயரத்துக்கு அருகில் உள்ள ரோபோ என்றால் கதை வேறு. அங்கே நடிகர் ஒருவர் தளத்தில் நேரில் நடிப்பது விலைமதிப்பில்லாதது. 2015-இல் வந்த 'சாப்பி'யில் ஷார்ல்டோ காப்லி மற்ற நடிகர்களோடு நின்று நடித்தார். அனிமேட்டர்கள் மோஷன் கேப்சர் தரவு இல்லாமல் அவரைப் பார்த்துக் கையால் அசைவுகளை அமைத்தார்கள். எதிரில் உண்மையான கண்கள் இருந்தால் நடிப்பு மாறுகிறது, அதற்கு மாற்று இல்லை. விலை என்னவென்றால், ரோபோவின் இடுப்பும் கையும் நடிகரைவிட ஒல்லியாக இருந்தால் அவருடைய உடலில் மீந்து தெரியும் பகுதியை ஒவ்வொரு ஃப்ரேமிலும் அழித்துப் பின்னணியை வரைய வேண்டும். வெற்றுக் காட்சி எடுத்து வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

முகத்தில் அசையும் பாகம் குறைவாக இருப்பதே நல்லது. லென்ஸ் போன்ற கண், அதற்குள் விரிந்து சுருங்கும் இதழ்கள், மேலே ஒரு தகடு. இவற்றோடு தலையின் சாய்வும் சேர்ந்தால் ஐயம், பயம், கவனம் எல்லாம் வந்துவிடும். ஐம்பது தகடுகள் ஒரே நேரத்தில் அசைந்தால் பார்வையாளர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எதையும் பார்க்க மாட்டார்.

மேற்பூச்சும் ஒளியும்

பெயின்ட் அடித்த உலோகம், பரப்பு ஒளிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று தீர்மானிக்கும் ஷேடரைப் பொறுத்தவரை உலோகமே அல்ல. மேலே இருப்பது பெயின்ட்டும் பளபளப்புப் பூச்சும்தான். ஒளிவிலகல் எண் 1.5 சுற்றி வையுங்கள். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் கீழிருந்து உலோகம் எட்டிப்பார்க்கும். வெற்று எஃகு, பிரைமர், பெயின்ட், பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி என்று அடுக்கினால் கீறலின் ஓரத்தில் பிரைமர் மெல்லிய கோடாகத் தெரியும். வெள்ளைப் பெயின்ட்டின் பிரதிபலிப்பு 0.8-ஐத் தாண்ட வேண்டாம், கருப்பு 0.03-க்குக் கீழே போக வேண்டாம்.

தேய்மானத்தை மென்பொருள் தானாக எல்லா ஓரங்களிலும் போட்டுக் கொடுக்கும். அதை அப்படியே விடுவது சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கே உரசுகிறது, எங்கே கை படுகிறது, எங்கே கல் தெறிக்கிறது என்று யோசித்தால் தேய்மானம் முழங்கால், பாதத்தின் முன்பகுதி, மூடியின் கைப்பிடி, மூட்டின் உட்பக்கம் என்று சில இடங்களில் திரளும். மற்ற இடங்கள் புதிதாகவே இருக்கும். தூசி மேல்நோக்கிய பரப்பில் தங்கும். மழைநீர்க் கறை கீழ்நோக்கி மட்டும் வழியும்.

ஹெச்டிஆர்ஐயைச் சும்மா சுற்றிப் போர்த்தி ரெண்டர் செய்தால் ரோபோ நின்ற இடத்தில் சரியாக இருக்கும். பத்து மீட்டர் நடந்ததும் பொய்யாகும், ஏனென்றால் அந்தப் படம் ஒரே புள்ளியிலிருந்து எடுத்தது. அதை லைடார் வடிவத்தின் மேல் படிய வைத்தால் சுவரைத் தாண்டும்போது சுவரின் பிரதிபலிப்பும் தகட்டில் நகரும். சூரியன் பெரும்பாலும் படத்தில் வெட்டுப்பட்டு, உண்மையைவிட மங்கலாகப் பதிவாகியிருக்கும். அதை அழித்துவிட்டு 0.53 பாகை அகலமுள்ள தூர விளக்கை அதே இடத்தில் வைத்தால் நிழலின் ஓரமும் சரியான கூர்மையில் வரும். தரைக்கு ஒரு தளம் வைத்து அதில் பிளேட்டையே படிய விடுங்கள். வயிற்றுத் தகட்டின் அடியில் தரையின் நிறம் ஏறாத ரோபோ வெட்டி ஒட்டியது போலத்தான் நிற்கும். அருகில் நடிகர் நின்றால் அவருக்கும் ஒரு எளிய உருவம் செய்து, அவர் படத்தை அதில் படிய வைத்து, பிரதிபலிப்பில் மட்டும் தெரியும்படி விடலாம்.

உலோகத்துக்கு ஒளியூட்டுவது என்பது அது எதைப் பிரதிபலிக்கிறது என்று முடிவு செய்வதுதான். விளக்கைக் கூட்டினால் ஒரு வெள்ளைப் புள்ளி கூடும், அவ்வளவே. அகலமான வெண்திரையை ஒரு பக்கம், கருந்திரையை மறுபக்கம் வைத்தால் உருளையின் வளைவு முழுதாகத் தெரியும்.

வேகமாகச் சுழலும் பாகங்களில் மோஷன் பிளர் (அசைவால் படம் மங்குவது) ஏமாற்றும். 24 ஃப்ரேம், 180 பாகை ஷட்டர் என்றால் ஒளி விழும் நேரம் 1/48 விநாடி. அந்த நேரத்தில் 90 பாகை சுழலும் சக்கரத்துக்குத் தொடக்கம், முடிவு என்று இரண்டே சாம்பிள் கொடுத்தால், ரெண்டரர் வில்லுக்குப் பதில் நேர்கோடு போடும். நடுவில் ஆரம் 29 சதவீதம் சுருங்கி, சக்கரம் நசுங்கித் தெரியும். 15 பாகைக்கு ஒன்று என்று 7 சாம்பிள் கொடுத்தால் சுருக்கம் 1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

பிளேட்டோடு சேர்ப்பது

லென்ஸ் வளைவை நீக்கிய பிளேட்டில் வேலை செய்துவிட்டு, முடிவில் ரோபோவுக்குத்தான் வளைவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பிளேட்டை நேராக்கி மறுபடி வளைத்தால் படம் மென்மையாகிக் கூர்மை போகும். ரெண்டரை நான்கு பக்கமும் 8 முதல் 10 சதவீதம் கூடுதலாக எடுத்துவையுங்கள், இல்லையென்றால் வளைக்கும்போது ஓரங்களில் கருப்பு எட்டிப்பார்க்கும்.

அதற்குப் பிறகு ஒப்பிடுவதுதான் வேலை. பிளேட்டின் மிக இருண்ட நிழலும் ரோபோவின் மிக இருண்ட இடுக்கும் ஒரே அளவுக்குக் கருப்பா? காமாவை ஏற்றியும் இறக்கியும், எக்ஸ்போஷரை மூன்று ஸ்டாப் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். சாதாரணமாக ஒத்துப்போவது அப்போது பிரிந்து நிற்கும். கிரெய்னை (படத்தில் தெரியும் நுண்புள்ளிகளை) ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியாக ஒப்பிட வேண்டும், நீலத்தில்தான் அது பொதுவாக முரடாக இருக்கும். ரோபோவின் ஓரம் பிளேட்டில் உள்ள பொருள்களின் ஓரத்தைவிடக் கூர்மையாக இருக்கவே கூடாது. மின்னும் இடங்களிலிருந்து பரவும் ஒளி மங்கலை, மதிப்பை வெட்டாத ரெண்டரிலிருந்து எடுங்கள். வெட்டிய வெள்ளையிலிருந்து எடுத்தால் சூரியனின் மினுக்கும் வெள்ளைப் பெயின்ட்டும் ஒரே அளவில் பரவும்.

பாதங்களைக் கடைசியாக ஒரு முறை 400 சதவீதம் பெரிதாக்கி, ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பாருங்கள். ஊன்றிய பாதத்தின் ஒரு போல்ட்டையும் தரையில் ஒரு கூழாங்கல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலான தூரம், பாதம் மறுபடி எழும் வரை மாறக் கூடாது. மாறினால் முதலில் மேட்ச்மூவை (நிஜக் கேமராவின் அசைவைக் கணினிக் கேமராவுக்குக் கொண்டுவந்ததை) சோதியுங்கள், அனிமேட்டரைக் கூப்பிடுவது பிறகு. தரையில் சில கூம்புகளை வைத்து ரெண்டர் செய்தால் அவையும் வழுக்குகின்றனவா என்று உடனே தெரியும். கூம்புகள் அசையாமல் நிற்க, பாதம் மட்டும் நகர்ந்தால் அனிமேஷன். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் கேமரா டிராக்கில் பிழை. பாதம் தரையைத் தொடும் இடத்தில் விழும் தொடர்பு நிழல் சரியாக இருக்கிறதா என்பதையும் அந்தப் பெரிதாக்கலிலேயே பார்த்துவிடலாம். பாதத்தின் ஓரத்துக்கும் தரைக்கும் இடையில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தால், மேலே எவ்வளவு உழைத்திருந்தாலும் அந்த ரோபோ மிதந்துகொண்டிருக்கிறது.